ஊர் போய்விட்டது, இடுகாடு மட்டும் பாக்கி – ஹார்டிவில், அரிசோனா

#1 பாலைக்காற்று

பீனிக்ஸ் பக்கம் இருக்கிற நம்மாட்கள் நிறையப் பேர் லாஃப்லின் சூதாட்ட விடுதிகளுக்குப் போய் வருகிறார்கள். போகிற வழியில், கொலராடோ ஆற்றுக்கு இந்தப் பக்கம், அரிசோனா ஹைவே 95 புல்ஹெட் சிட்டிக்குள் நுழைந்து போகும். அந்தச் சாலையை ஒட்டி ஒரு சரளைக்கல் மேடு இருக்கிறது. மேலே கற்களைக் குவித்து மூடிய பழைய குழிகள். ஹார்டிவில் முன்னோடிகள் இடுகாடு என்று சொல்கிறார்கள். தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்த்திருக்கிறார்கள், ஆனால் கார்கள் எல்லாம் அறுபது மைல் வேகத்தில் அதைப் பார்க்காமலே போய்க்கொண்டிருக்கின்றன.

ஹார்டிவில் என்ற ஊர் இப்போது கிடையாது. 1864-இல் வில்லியம் ஹாரிசன் ஹார்டி என்பவர் கலிஃபோர்னியாத் தங்க வேட்டைக் காலத்தை எல்லாம் பார்த்துவிட்டு கொலராடோ ஆற்றின் கிழக்குக் கரைக்கு வந்து, ஆற்றைக் கடத்திவிட ஒரு மிதவைப் படகும் பக்கத்தில் ஒரு கடையும் போட்டார். ஊருக்குத் தன் பெயரையே வைத்துக்கொண்டார். அரிசோனா தனிப் பிரதேசமாகி அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் புதிதாக முளைத்த தலைநகர் பிரெஸ்காட்டுக்குச் சாமான் போக வழி வேண்டுமே, அதற்கும் இவரே சுங்கச் சாலை போட்டு வசூல் செய்தார். 1865-இல் தபாலாபீஸ் வந்தது. 1867-இலிருந்து 1873 வரை மொஹாவி கவுன்டிக்கு (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) தலைநகரே இந்த ஊர்தான்.

எனக்குப் புரியாதது இதுதான். கவுன்டித் தலைநகராக இருந்த ஊர், நீராவிக் கப்பல் வந்து நின்ற துறை, சுவர்கூட மிஞ்சாமல் எப்படிப் போனது? அப்படி எல்லாம் போன இடத்தில் பிணம் புதைத்த மேடு மட்டும் எப்படித் தப்பியது? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.


#2 டல்லாஸ்மாமா

வேறென்ன, வெள்ளம்தான். அணை கட்டுவதற்கு முந்தைய கொலராடோ சாதுவான ஆறா என்ன, ராக்கி மலையில் பனி உருகினால் மே ஜூனில் கரை தெரியாமல் வரும். ஆற்றோரம் மண் வீடு கட்டினால் கதை அப்படித்தான் முடியும். இடுகாடு மேட்டில் இருந்தது, தப்பித்தது. இதற்கு ஒரு இழையா தம்பி?


#3 நீராவிப்பித்தன்

மாமா, இழை தேவைதான். வெள்ளம் ஊரைக் கரைத்திருக்கலாம், ஆனால் ஊரைக் கொன்றது அது இல்லை. ஆற்றங்கரை ஊர்கள் வெள்ளம் வந்தால் திரும்பக் கட்டிக்கொள்ளும், அங்கே இருக்க ஒரு காரணம் மிச்சம் இருக்கிற வரைக்கும். ஹார்டிவில்லுக்கு அந்தக் காரணம் 1883-இல் போய்விட்டது.

கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், எனக்குப் பிடித்த விஷயம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1860-களில் அரிசோனாவின் மேற்குப் பகுதிக்கு ஒரு மூட்டை மாவு வர வேண்டும் என்றால் அது வந்த வழியைக் கேளுங்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் கப்பல் ஏறும். தெற்கே பாஹா கலிஃபோர்னியா தீபகற்பம் முழுவதையும் சுற்றிக்கொண்டு வளைகுடாவுக்குள் திரும்பி, மெக்சிகோவில் கொலராடோ கடலில் கலக்கிற இடத்துக்கு வரும். அந்த முகத்துவாரத்தில் கடல் ஏற்றம் சுவர் மாதிரி எழுந்து ஆற்றுக்குள் வரும், பெரிய கப்பல்கள் அங்கே தடுமாறும். சரக்கை அடிப்பாகம் தட்டையான நீராவிப் படகுக்கு மாற்றுவார்கள். அங்கிருந்து யூமாவுக்கு ஆற்று வழி 150 மைல். யூமாவிலிருந்து ஹார்டிவில்லுக்கு இன்னும் 300 மைலுக்கு மேல். நடுவில் லா பாஸ், எஹ்ரன்பெர்க், ஃபோர்ட் மொஹாவி. கடைசி நிறுத்தம் ஹார்டிவில்.

ஏன் கடைசி? அதற்கு மேலே ஆறு நெருக்கமான மலைகளுக்குள் நுழைகிறது. தண்ணீர் ஏறியிருக்கிற மாதங்களில் துணிந்தவர்கள் மேலேயும் போனார்கள். பிளாக் கேன்யனில் பாறையில் இரும்பு வளையம் அடித்து, அதில் கயிறு மாட்டி, கப்பலே தன்னைத் தானே இழுத்துக்கொண்டு சுழல்களைத் தாண்டிய கதையெல்லாம் உண்டு. 1858-இல் ஆற்றை ஆராய ராணுவம் அனுப்பிய லெப்டினன்ட் ஐவ்ஸ் தன் எக்ஸ்ப்ளோரர் என்ற குட்டி இரும்புப் படகை அந்தக் கேன்யன் பக்கம்தான் பாறையில் மோதி நிறுத்தினார். வழக்கமான வியாபாரத்துக்கு ஹார்டிவில்தான் எல்லை. எல்லை என்பதால்தான் அங்கே கிடங்கு, அங்கே கோவேறு கழுதை வண்டி, அங்கே சுங்கச் சாலையின் தலை. ஹார்டி இடத்தைப் பார்த்துத்தான் கடை போட்டிருக்கிறார், அந்த விஷயத்தில் ஆள் கெட்டிக்காரர்.

அப்புறம் 1877-இல் ரயில் யூமாவுக்கு வந்தது. படகுக் கம்பெனியையும் ரயில்வேக்காரர்களே வாங்கிக்கொண்டார்கள். 1883-இல் கிழக்கிலிருந்து வந்த அட்லான்டிக் அண்ட் பசிஃபிக் பாதையும் மேற்கிலிருந்து வந்த சதர்ன் பசிஃபிக் பாதையும் நீடில்ஸில் சேர்ந்தன. நீடில்ஸ் ஹார்டிவில்லுக்குத் தெற்கே, இன்றைய கணக்கில் காரில் அரை மணிக்குச் சற்று மேல். அவ்வளவுதான். பாஹாவைச் சுற்றி வந்த மாவு மூட்டைக்கு இனி வேலை இல்லை. அதே 1883-இல் ஹார்டிவில் தபாலாபீஸை மூடிவிட்டார்கள்.


#4 சுண்டல்பாக்கெட்

பித்தன் அண்ணா, அடிப்படைக் கேள்வி. பாலைவனத்தில் நீராவிக் கப்பலுக்கு எரிபொருள் எங்கிருந்து? நிலக்கரி கிடையாதே அங்கே?


#5 நீராவிப்பித்தன்

விறகு. ஆற்றோரம் பருத்திமரமும் வில்லோவும் மெஸ்கீட்டும் இருந்தன (மெஸ்கீட் நம்ம ஊர் சீமைக்கருவேலத்தின் உறவுக்காரன்தான்). வழி நெடுகிலும் விறகுத் துறைகள். வெட்டி அடுக்கியவர்களில் பெரும்பாலோர் அந்த ஆற்றின் சொந்த மக்கள், மொஹாவி, கெச்சன், கோகோபா. கப்பலின் முன்பக்கத்தில் நீண்ட கழியால் ஆழம் பார்த்துச் சொன்னதும் அவர்கள்தான், ஏனென்றால் நேற்று இருந்த வழி இன்றைக்கு மணல் திட்டாக இருக்கும். படகுகள் தண்ணீருக்குள் ஏறக்குறைய இரண்டடிதான் அமிழும், துடுப்புச் சக்கரம் பின்னால் இருக்கும். அப்படியும் மணலில் ஏறி மணிக்கணக்கில் கிடக்கும். மெலன், போல்ஹேமஸ் மாதிரி சில கேப்டன்கள் இந்த ஒரே ஆற்றில் வாழ்க்கையையே ஓட்டினார்கள்.

கரையோர மரத்தில் பெரிய பங்கு கொதிகலனுக்குப் போனது என்பதை இடுகாட்டுக் கதைக்காகவும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஊரைச் சுற்றி மரம் அபூர்வம், கல் ஏராளம். குழிக்கு மேல் கல்லைக் குவித்ததற்கு அதுவே பாதிக் காரணம்.


#6 கொத்தனார்மகன்

ஊர் எப்படிச் சுவடில்லாமல் போனது என்பதற்கு என் தொழில் அறிவில் ஒன்று சொல்கிறேன். அந்தப் பக்கத்துக் கட்டடங்கள் அடோபி, அதாவது மண்ணும் வைக்கோலும் குழைத்து வெயிலில் காயவைத்த சுடாத கல். மேலே கூரையும் வருடா வருடம் மண் பூச்சும் இருந்தால் நூறு வருடம் தாராளமாக நிற்கும். கூரை போன மறு நிமிடத்திலிருந்து அதற்கு நாள் எண்ணலாம். ஊர் காலியாகும்போது முதலில் கழற்றி எடுத்துப் போவது எது? உத்தரம், கதவு, நிலை, ஜன்னல். மரம் அவ்வளவு அரிதான இடத்தில் அதை விட்டுப் போக யாருக்கும் மனசு வராது. ஆக, கூரை வண்டியேறிப் போய்விடும், சுவர் மழையில் கரைந்து தான் வந்த மண்ணுக்கே திரும்பிவிடும். வெள்ளமே தேவையில்லை.

கல் குவித்த குழியில் கழற்ற ஒன்றும் இல்லை. திருடவும் ஒன்றும் இல்லை. கரையவும் கரையாது. கட்டுமானம் என்று பார்த்தால் ஹார்டிவில்லிலேயே உறுதியான வேலை அதுதான்.


#7 டல்லாஸ்மாமா

கொத்தனார் சொல்வது சரி, ஆனால் வெள்ளத்தை ஒரேயடியாக ஒதுக்காதீர்கள். கீழே ஆற்றங்கரைத் தரையில் மிச்சம் இருந்த அஸ்திவாரம்கூட எங்கே போனதாம்? மேட்டில் இருக்கிறதும் பள்ளத்தில் இருக்கிறதும் ஒன்றில்லை.


#8 கொத்தனார்மகன்

மேடு என்பதில் எனக்குச் சண்டை இல்லை மாமா. ஆனால் அந்த மேட்டை எதற்குத் தேர்ந்தார்கள் என்று யோசியுங்கள். அங்கே தண்ணீர் ஏறாது, விவசாயம் ஆகாது, துறைக்குத் தூரம், கடை போட ஆகாது. உயிரோடு இருக்கிறவனுக்கு உதவாத இடத்தைத்தான் செத்தவனுக்குக் கொடுப்பார்கள், உலகம் பூராவும் அப்படித்தான். பிற்பாடு ஊரே இல்லாமல் போனபோதும் அந்த மேடு யாருக்கும் தேவைப்படவில்லை. யாரும் காவல் காத்துக் காப்பாற்றியதாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.


#9 அவிக்வாமே

எல்லோரும் ஊர் எப்படிப் போனது என்று பேசுகிறீர்கள், சரி. அந்த ஆற்றங்கரையில் அதற்கு முன்னால் யார் இருந்தார்கள், அவர்களுடைய இடுகாடு எங்கே என்று ஒருவர்கூடக் கேட்கவில்லையே?

அங்கே காலம்காலமாக இருப்பவர்கள் மொஹாவிகள், தங்களை அஹா மகாவ் என்று சொல்லிக்கொள்கிறவர்கள். வெள்ளம் வடிந்த வண்டலில் சோளமும் பூசணியும் பயறும் போட்ட விவசாயிகள். டல்லாஸ்மாமா பயப்படுகிற அந்த வெள்ளம் அவர்களுக்கு விதைப்புக் காலத்தின் ஆரம்பம். அவர்கள் இறந்தவர்களைப் புதைப்பதில்லை, எரிப்பார்கள். இறந்தவருடைய உடைமைகளையும் சேர்த்து எரிப்பார்கள், வீட்டையும்கூட. அதற்குப் பிறகு அவர் பெயரை வாயால் சொல்வதும் இல்லை. ஆகவே அவர்களுடைய மேடு என்று ஹைவே ஓரத்தில் பலகை நட எதுவும் கிடையாது. இருபது வருடம் இருந்துவிட்டுப் போனவர்களுக்கு ஒரு நினைவிடம் இருக்கிறது. எத்தனையோ தலைமுறையாக இருக்கிறவர்களுக்குக் கல்லில் அடையாளம் இல்லை. பதிவேடு கல்லைத்தான் பார்க்கும்.

ஹார்டிவில் எப்படி முடிந்தது என்று கேட்கும்போதே எப்படித் தொடங்க முடிந்தது என்றும் கேளுங்கள். 1857-இல் அரசாங்கத்துக்காகப் பாதை அளந்த எட்வர்ட் பீல் என்பவர் ஒட்டகங்களோடு வந்து இந்த ஆற்றைக் கடந்து வண்டிப்பாதைக்கு வழி பார்த்தார். மறு வருடம் கலிஃபோர்னியாவில் குடியேறப் போன ஒரு வண்டித் தொடரை அந்தக் கடவில் மொஹாவிகள் தாக்கினார்கள். 1859-இல் ராணுவம் வந்தது, தலைவர்களைப் பணயமாகப் பிடித்து யூமாவுக்குக் கொண்டுபோனது, ஃபோர்ட் மொஹாவி எழுந்தது. பணயமாகப் போனவர்களில் கைரூக் என்ற தலைவர் தப்ப முயன்று இறந்தார். உள்நாட்டுப் போர் தொடங்கியபோது கோட்டையை விட்டுப் போனார்கள், 1863-இல் கலிஃபோர்னியாத் தொண்டர் படை திரும்ப வந்தது. அதற்கு அடுத்த வருடம்தான் ஹார்டி கடை போடுகிறார். கோட்டையின் நிழலில் பிறந்த ஊர் அது.

இராதாபா என்ற மொஹாவித் தலைவரை அதே காலத்தில் நியூயார்க்குக்கும் வாஷிங்டனுக்கும் அழைத்துப் போய் லிங்கனைச் சந்திக்க வைத்தார்கள். 1874-இல் இறந்தார், வழக்கப்படி எரியூட்டினார்கள். அந்த ஆற்றின் அக்காலத்துப் பெரிய மனிதர் என்று ஒருவரைச் சொல்லச் சொன்னால் நான் அவரைச் சொல்வேன், ஹார்டியை இல்லை.


#10 கிங்மன்ரோடு

எதை எடுத்தாலும் இப்படி ஒரு வழக்கு வந்துவிடுகிறது. குழிக்குள் கிடப்பவர்கள் ராணுவத் தளபதிகளா? வண்டி ஓட்டினவன், சுரங்கத்தில் கல் உடைத்தவன், கப்பலில் மூட்டை தூக்கினவன். ஊரிலிருந்து ஆயிரக்கணக்கான மைல் தள்ளி வந்து காய்ச்சலில் செத்திருப்பான், வீட்டுக்குக் கடிதம்கூடப் போயிருக்காது. அவனிடம் போய் 1859-க்குப் பதில் சொல் என்பது நியாயமா?


#11 அவிக்வாமே

அவரிடம் யாரும் பதில் கேட்கவில்லை. நான் கேட்பது இன்றைக்கு அங்கே போய் நிற்கிற நம்மிடம். அந்த மேட்டை மட்டும் பார்த்துவிட்டு ஆற்றின் வரலாறு இதுதான் என்று நாம் திரும்பி வரக்கூடாது.

ஹார்டியைப் பற்றியே ஒன்று சொல்கிறேன், முழுக்க வில்லனாகவும் ஆக்க முடியாது. 1865-இல் அவருடைய சுங்கச் சாலை வழியாகப் போகும் வண்டிகளுக்குப் பாதுகாப்பு வேண்டி, கிழக்கு மலைகளில் வாழ்ந்த ஹுவாலப்பாய் மக்களோடு அவரே ஒரு சமாதான ஒப்பந்தம் எழுதினார். மறு வருடம் ஹுவாலப்பாய் தலைவர் வௌபா யூமா ஒரு வண்டிக் கூட்டத்திடம் அந்தக் காகிதத்தைக் காட்டியபோது, வேறு ஒரு கொலைக்கு அவர்மேல் சந்தேகப்பட்டு, சாமுவேல் மில்லர் என்ற வண்டிக்காரர் அங்கேயே சுட்டுக் கொன்றார். காகிதம் கையில் இருந்தும் பயனில்லை. ஹுவாலப்பாய் போர் 1870 வரை நீண்டது. 1874-இல் அந்த மக்களை ராணுவம் மலையிலிருந்து இறக்கி ஆற்றோரம் லா பாஸ் வரைக்கும் நடத்தியே கொண்டுபோனது. வெயிலிலும் பசியிலும் நோயிலும் நிறையப் பேர் செத்தார்கள், மிஞ்சியவர்கள் மறு வருடம் தாங்களாகவே மலைக்குத் திரும்பினார்கள். ஹார்டிவில்லின் சாலையில் செத்தவர்களில் மேட்டில் இடம் கிடைக்காதவர்கள் இவர்கள்.


#12 கிங்மன்ரோடு

இந்தக் காகிதக் கதை எனக்குப் புதிது. சரி, இதையும் அந்தப் பலகையில் எழுதி வைத்தால் நான் எதிர்க்க மாட்டேன். ஆனால் குழிக்குள் இருக்கிறவன் ஏழை என்று நான் சொன்னது சொன்னதுதான்.


#13 மொன்றியல்பெடியன்

நல்லாக் கதைக்கிறியள் எல்லாரும், நான் வாசிச்சுக்கொண்டுதான் இருந்தனான். ஒரு கேள்வி. இறந்தவர்களின் பெயர்கள் தெரியுமோ? கவுன்டித் தலைநகர் என்றால் பதிவு இருக்க வேணுமே?


#14 பாலைக்காற்று

பெயர் பொறித்த கல்லைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். அந்தக் காலத்து எல்லைப்புற ஊர்களில் குழியின் தலைமாட்டில் பலகை நட்டு, பெயரைப் பெயின்டிலோ கத்தியாலோ எழுதுவார்கள். அந்த வெயிலில் பலகை வெடித்துப் போகும், குளிரில் யாராவது எடுத்து எரிக்கவும் செய்வார்கள். மரணப் பதிவு எல்லாம் அரிசோனாவில் ஒழுங்காக வந்தது இருபதாம் நூற்றாண்டில். கவுன்டித் தலைநகரும் ஓர் இடத்தில் நிற்கவில்லை. முதலில் மொஹாவி சிட்டி, பிறகு ஹார்டிவில், 1873-இல் மலையில் வெள்ளி கிடைத்ததும் செர்பாட், 1877-இல் மினரல் பார்க், 1887-இல் ரயில் நிலையம் இருந்த கிங்மன். வேலை எங்கே போனதோ அங்கே கோர்ட்டு மேஜையும் வண்டியேறிப் போயிருக்கிறது.

இன்னொன்று, துப்பாக்கிச் சண்டையில் விழுந்தவர்கள் என்று சுற்றுலாப் பேச்சில் அடித்துவிடுவார்கள். சினிமா பார்த்துக் கெட்டுப்போன மூளை. அப்படி ஒன்றிரண்டு இருக்கலாம். ஆனால் அந்த மாதிரி ஊரில் ஆளைக் கொன்றவை பெரும்பாலும் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சுரங்க விபத்து, வண்டி கவிழ்வது, ஆறு. ஹார்டிவில்லில் நான் சந்தேகப்படுகிற முதல் குற்றவாளி வெயில். ஜூலையில் 49 டிகிரி செல்சியஸைத் தொடுகிற இடம் அது, ஐஸ் கிடையாது, நிழல் கிடையாது, கலங்கல் ஆற்றுத் தண்ணீரைத் தெளியவைத்துக் குடிக்க வேண்டும்.

இதில் எனக்குப் பிடித்த முரண், ஊரைத் தொடங்கிய ஹார்டி இங்கே இல்லை. பிரதேசச் சட்டமன்றம் எல்லாம் போய்ப் பார்த்துவிட்டு, கடைசியில் 1906-இல் கலிஃபோர்னியாவில் விட்டியர் நகரத்தில் இறந்தார். அவருடைய சரக்கை இறக்கினவர்கள் மேட்டில் இருக்கிறார்கள்.


#15 நீராவிப்பித்தன்

அதே ஆற்றில் பக்கத்து ஊர்களோடு ஒப்பிட்டால் ஹார்டிவில் எவ்வளவு அதிர்ஷ்டசாலி என்று தெரியும்.

லா பாஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1862-இல் ஆற்றோரம் தங்கத் துகள் கிடைத்ததும் திடீரென்று பொங்கிய ஊர், யூமா கவுன்டியின் தலைநகராகவும் இருந்தது. 1860-களின் பிற்பகுதியில் ஆறு தன் போக்கை மாற்றி மேற்கே ஒதுங்கிவிட்டது. ஒரு நாள் பார்த்தால் துறைமுகத்துக்குத் துறை இல்லை. கோல்ட்வாட்டர் சகோதரர்கள் (பின்னால் ஜனாதிபதித் தேர்தலில் நின்ற பாரி கோல்ட்வாட்டரின் தாத்தா குடும்பம்) கடையைத் தூக்கிக்கொண்டு சில மைல் தெற்கே எஹ்ரன்பெர்க் போய்விட்டார்கள். அந்த எஹ்ரன்பெர்க்கிலும் இப்போது பழைய ஊர் இல்லை, சாலையோரம் ஒரு முன்னோடிகள் இடுகாடு இருக்கிறது. ஹார்டிவில்லின் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம்.

மேலே போனால் இன்னும் மோசம். மோர்மன்கள் 1864 கடைசியில் தொடங்கிய கால்வில் துறை மீட் ஏரிக்கு அடியில் கிடக்கிறது. 1865-இல் குடியேறிய செயின்ட் தாமஸ் ஊரையும் ஏரி விழுங்கியது. ஹூவர் அணைக்குப் பின்னால் தண்ணீர் ஏறப்போகிறது என்று தெரிந்ததும் அங்கே கல்லறைகளைத் தோண்டி ஓவர்ட்டன் பக்கம் மாற்றினார்கள். கடைசி ஆள் 1938-இல் தண்ணீர் வாசலுக்கு வந்த பிறகு படகில் கிளம்பினார். இந்த நூற்றாண்டு வறட்சியில் ஏரி வற்றியதும் ஊரின் அஸ்திவாரங்கள் வெளியே வந்துவிட்டன, இடுகாடு மட்டும் வேறு இடத்தில். ஹார்டிவில்லுக்கு நேர் தலைகீழ்.


#16 சுண்டல்பாக்கெட்

அப்போ ஹார்டிவில் ஏன் முழுகவில்லை? பக்கத்திலேயே டேவிஸ் அணை இருக்கிறதே?


#17 நீராவிப்பித்தன்

அணைக்குக் கீழே இருப்பதால். டேவிஸ் அணை கட்டியது 1951-இல் முடிந்தது, அதன் மொஹாவி ஏரி வடக்கே போகிறது. அணை சில மைல் தெற்கே தள்ளி வந்திருந்தால் கதை வேறு. புல்ஹெட் சிட்டி என்ற பெயருக்குக் காரணமான, மாட்டுத் தலை மாதிரி இருந்த பாறையே ஏரிக்குள் அமிழ்ந்துவிட்டது.

கவனியுங்கள், புல்ஹெட் சிட்டியே அணை வேலையாட்களின் முகாமாகத்தான் ஆரம்பித்தது. வேலை முடிந்ததும் அதுவும் ஹார்டிவில் மாதிரி கழன்று போயிருக்க வேண்டும். எதிர்க்கரையில் லாஃப்லின் விடுதிகள் வந்தன, ஊருக்குப் புதுக் காரணம் கிடைத்தது, 1984-இல் நகரமாகவே பதிந்துகொண்டார்கள். அந்தக் காலத்தில் மேலே ஏறுகிறவனை ஆற்றைக் கடத்திவிட்டு ஹார்டி சம்பாதித்தார், இன்றைக்கும் ஆற்றைக் கடக்கிறவனை வைத்துத்தான் ஊர் ஓடுகிறது.


#18 டல்லாஸ்மாமா

புல்ஹெட் சிட்டி வளர்ந்தால் மேட்டுக்கு ஆபத்து என்று நான் சொல்வேன். இத்தனை நாள் யாருக்கும் வேண்டாத நிலமாக இருந்ததால் தப்பியது என்று கொத்தனார் சொன்னார். இப்போது அது ஹைவே ஓரத்து நிலம். ஆற்றைப் பார்த்த மாதிரி மேடு வேறு. ரியல் எஸ்டேட்காரன் கண்ணுக்கு அது இடுகாடாகவா தெரியும்?


#19 கொத்தனார்மகன்

மாமா முதல் தடவையாக எல்லோரும் ஒத்துக்கொள்கிற மாதிரி ஒன்று சொல்லியிருக்கிறார் 😀

தேசியப் பதிவேட்டைப் பற்றி ஒரு தப்பான நம்பிக்கை இருக்கிறது, பெயர் ஏறினால் யாரும் கை வைக்க முடியாது என்று. அப்படி இல்லை. மத்திய அரசின் பணமோ அனுமதியோ தேவைப்படும் திட்டம் என்றால் பாதிப்பைப் பரிசீலித்தாக வேண்டும், அவ்வளவுதான். தனியார் நிலத்துக்காரர் தன் காசில் செய்வதை அந்தப் பதிவு மட்டும் தடுத்து நிறுத்தாது. உண்மையான காவல் மாநிலத்தின் புதைகுழிச் சட்டங்களிலும், உள்ளூரில் எவ்வளவு பேருக்கு அந்த இடம் தெரியும் என்பதிலும்தான் இருக்கிறது. சாலையை அகலப்படுத்துகிறவனுக்கு மேட்டில் குழி இருப்பது தெரிந்தாக வேண்டும். தெரியாத இடுகாடுகள்தான் பொக்லைனில் போகின்றன.


#20 மொன்றியல்பெடியன்

அங்கே போறவைக்கு ஏதும் சொல்ல இருக்கோ? எனக்கு நவம்பரில வேகாஸ் பக்கம் ஒரு கலியாணம், எட்டிப் பார்க்கலாம் போல இருக்கு.


#21 பாலைக்காற்று

நவம்பர் அருமையான மாதம், தாராளமாகப் போங்கள். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரைக்கும் என்றால் நானே வேண்டாம் என்பேன், காலையில் ஒன்பது மணிக்கே கல் சுடும்.

கற்களை எடுக்கவோ அடுக்கவோ கூடாது. அழகாக இருக்கிறது என்று சின்னக் கோபுரம் மாதிரி அடுக்கிப் படம் எடுக்கிற பழக்கம் இப்போது எங்கும் பரவியிருக்கிறது. இங்கே அந்தக் குவியல்தான் கல்லறை, வேறு அடையாளம் கிடையாது. ஒரு கல்லை நகர்த்தினால் ஒருவருடைய எல்லையை அழித்த மாதிரி. குவியல்களுக்கு நடுவே காலை வைக்கும்போதும் பார்த்து வையுங்கள். சரிந்து தரையோடு போன குழிகளும் இருக்கலாம், கல்லிடுக்கில் பாம்பும் இருக்கலாம்.

மேலே நின்று முதலில் ஆற்றுப் பக்கம் பாருங்கள், துறை எங்கே இருந்திருக்கும் என்று ஒரு கணக்கு கிடைக்கும். அப்புறம் வடமேற்கே திரும்புங்கள். தூரத்தில் வெளிறி நிற்கிற மலை அவி க்வா அமே, இந்த இழையில் ஒருவர் அந்தப் பெயரில்தான் எழுதிக்கொண்டிருக்கிறார். மொஹாவிகளுக்கும் ஆற்றின் மற்ற மக்களுக்கும் படைப்பு தொடங்கிய இடம். 2023-இல் அந்தப் பகுதியைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள். நேரம் இருந்தால் புல்ஹெட் சிட்டியிலேயே கொலராடோ ரிவர் மியூசியம் என்று ஒன்று இருக்கிறது, போவதற்கு முன்னால் திறந்திருக்கும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.


#22 அவிக்வாமே

நீடில்ஸ் வழியாகத் திரும்பினால் ஃபோர்ட் மொஹாவி பழங்குடியினரின் நிலம் வழியாகத்தான் வருவீர்கள். அரிசோனா, கலிஃபோர்னியா, நெவாடா மூன்றிலும் பரவிய நிலம் அது, நிர்வாக அலுவலகம் நீடில்ஸில் இருக்கிறது. 1890-இல் ராணுவம் கோட்டையைக் காலி செய்ததும் அதே கட்டடங்களில் மொஹாவிக் குழந்தைகளைப் பிடித்து வைத்துப் பள்ளி நடத்தினார்கள், சொந்த மொழி பேசினால் அடி. அந்தக் கோட்டை இருந்த மேட்டிலும் இன்றைக்குக் கட்டடம் எதுவும் நிற்கவில்லை, ஊர் போனது, கோட்டையும் போனது, மொஹாவிகள் மட்டும் அங்கேயே இருக்கிறார்கள். ஆகவே மறைந்துபோன மக்கள் என்று யாராவது அவர்களைப் பற்றி எழுதினால் தயவுசெய்து திருத்துங்கள், மறைந்தது ஹார்டிவில்.


#23 கிங்மன்ரோடு

பெடியன், வேகாஸிலிருந்து வருவதானால் தெற்கே 95-ஐப் பிடித்து, அப்புறம் நெவாடா 163-இல் திரும்பி லாஃப்லினுக்கு இறங்குங்கள், பாலத்தைத் தாண்டினால் புல்ஹெட் சிட்டி. ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். 163 இறக்கத்தில் லாரிகள் ஊர்ந்து வரும், அவசரப்பட வேண்டாம். போய்வந்து படம் போடுங்கள். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் ஒரு படம் எடுத்துப் போட்டால் நல்லது, அவிக்வாமேவும் நானும் மிச்சச் சண்டையை அதை வைத்துப் போட்டுக்கொள்கிறோம்.